பாலாறு பிறக்கும் இடத்தைத் தேடிப் போன சம்பங்கி

தங்கவயலில், ஊரிகம் சுரங்கத்துக் கூலி லைனில் வீடுகளெல்லாம் ஒரே அச்சு. மூங்கில் தட்டிச் சுவர், தகரக் கூரை, முன்னால் ஒரு அடுப்பு. ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்த சம்பங்கி நேராக உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தட்டில் விழுந்த களியில் இரண்டு உருண்டையை விழுங்கிய பிறகுதான், பரிமாறியது தன் பெண்டாட்டி தாயம்மா இல்லை, மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கும் ஞானசுந்தரி என்று கவனித்தான்.

"பரவால்ல, சாப்புடுங்கண்ணா," என்றாள் ஞானசுந்தரி.

"கொழம்பு நல்லா கீது," என்று சொல்லி, மூன்றாவது உருண்டையையும் முடித்துவிட்டுத்தான் அவன் எழுந்தான்.

இப்படிப்பட்ட சம்பங்கிதான், தங்கவயலில் தன்னைப்போல் வழி அறிந்தவன் எவனும் இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். சுரங்கத்துக்குள் மண் சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுப்பது அவன் வேலை. ஆறு நாள் பூமிக்கு அடியில் இருப்பான். ஏழாம் நாள் மற்றவர்கள் சாராயக் கடைக்குப் போனால் இவன் கண்ணில் பட்ட குன்றுக்குப் போவான். சுற்றிலும் எட்டு மைலுக்குள் அவன் ஏறாத பாறை இல்லை. அங்கே போய் என்ன செய்தாய் என்று கேட்டால், "பாத்தேன்," என்பான். எதைப் பார்த்தாய் என்றால், "அந்தாண்ட இன்னொரு மல கீது," என்பான்.

சொந்த ஊர் பள்ளிகொண்டாவுக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரை. ஆறு என்றுதான் பெயர். பிறந்ததிலிருந்து அதில் தண்ணீர் ஓடி அவன் பார்த்தது நான்கே தடவை. மற்ற நாளெல்லாம் மணல். அவனுடைய அம்மா இன்னும் அந்த மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். இருபது வயதில் பிழைப்புக்காக நடந்தே தங்கவயலுக்கு வந்தபோது, வழியில் பேத்தமங்கலத்து ஏரியைப் பார்த்தான். இதுவும் பாலாற்றுத் தண்ணீர்தான் என்று யாரோ சொன்னார்கள். அன்றைக்கு ஏரிக்கரையில் நின்ற சம்பங்கிக்கு, இது எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி தலைக்குள் புகுந்தது. பத்து வருஷமாக அது வெளியே போகவில்லை.

1896 புரட்டாசியில் அவன் வேலை பார்த்த ஷாஃப்டில், அதாவது சுரங்கக் குழியில், தண்ணீர் ஏறிக்கொண்டது. இறைத்து முடிக்க எட்டு நாள் ஆகும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அன்று மாலையே ஞானசுந்தரியின் புருஷன் கொர்னேலியஸிடம் சம்பங்கி விஷயத்தை அவிழ்த்தான். கொர்னேலியஸ் வேதம் படித்தவர். நதிகளைப் பற்றி அபிப்பிராயம் உள்ளவர்.

"நந்தி மலப் பக்கம் பொறக்குதுன்னு சொல்றாங்க. பெரிய அருவியா இருக்கும். இவ்ளோ தூரம் ஓடுற ஆறு சும்மாவா பொறக்கும்?"

"நான் போய்ப் பாத்துட்டு வரேன்," என்றான் சம்பங்கி.

சேதி லைன் முழுக்கப் பரவிற்று. அருவித் தண்ணீர் ஒரு சொம்பு வேண்டும் என்று நாலு பேர் கேட்டார்கள். தாயம்மா ஒன்றும் கேட்கவில்லை. ராகி மாவையும் வெல்லத்தையும் துணியில் முடிந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நீ எங்கமே வர?"

"நீ எங்க போறியோ அங்க."

"கரடி கீது, சிறுத்த கீது. பொம்பளைக்கு ஆகாது."

"பொழுதுக்கும் கல்லு ஒடச்சி, தங்கம் கீதா இல்லியான்னு பொறுக்கறேன். எட்டு வருசமா கல்லத் தவிர எதப் பாத்தேன்? அதுவுமில்லாம அந்தப் பக்கம் எல்லாம் தெலுங்கு. உனுக்கு ரெண்டு வார்த்த தெரியுமா?"

தாயம்மா பலமனேர்க்காரி, தெலுங்கு அவளுக்குத் தாய்ப்பால். சம்பங்கிக்குத் தெரிந்த தெலுங்கு திட்டுவதற்கு மட்டும்தான் உதவும். அவன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

முதல் நாள் சுகமாகப் போயிற்று. பேத்தமங்கலத்து ஏரிக்கு மேலே ஆற்றின் தடம் நாணலும் மணலுமாகத் தெளிவாக இருந்தது. இரண்டாம் நாள் ஆறு இன்னொரு ஏரிக்குள் போய் மறைந்தது. ஏரியின் மறுபக்கம் மூன்று ஓடைகள் வந்து சேர்ந்தன. எது பாலாறு?

அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைத் தாயம்மா கேட்கப் போனாள். சம்பங்கி தடுத்தான். "நான் வழி கேக்குறவன் இல்ல. கால் சொல்லும்."

கால் நடு ஓடையைச் சொன்னது. முட்புதரும் கற்குவியலுமாக நாள் முழுக்க நடந்தார்கள். பொழுது சாயும்போது அழகான ஏரி ஒன்று கண்ணில் பட்டது. "பாத்தியா, புது ஏரி," என்றான் சம்பங்கி. அதன் கரையில், காய்ந்த துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள் காலையில் பார்த்த அதே பெண். அவள் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

"இன்னா சொல்றா?"

"ஏதாச்சும் மறந்து வச்சிட்டுப் போனீங்களான்னு கேக்குறா," என்றாள் தாயம்மா.

அதற்குப் பிறகு வழி கேட்பது தாயம்மாவின் வேலையாயிற்று. கேட்கும்போது சம்பங்கி இருபதடி தள்ளி நின்று வானத்தைப் பார்ப்பான்.

நான்காம் நாள் பாறைக் காடு. யானை யானையாக உருண்டைப் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று நின்றன. இடுக்கெல்லாம் சீத்தாப்பழச் செடி. ஒற்றையடித் தடமும் அங்கே முடிந்துபோனது. அத்தனை வருஷத்தில் இப்படி ஓர் இடத்தைச் சம்பங்கி பார்த்ததில்லை. ஒவ்வொரு பாறையையும் தொட்டுத் தொட்டு நடந்தான். நடுப்பகலில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பாறைகளுக்கு இடையே குகைபோல ஓர் இடுக்கு தெரிந்தது. தாயம்மா தயங்கினாள்.

"இது என் தொழில்மே," என்றான் சம்பங்கி. சுரங்கத்தில் செய்வதுபோலவே தடியால் கூரைப் பாறையைத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டான். கெட்டியான பாறை கணீரென்று சொல்லும். விரிசல் விட்டது பொத்தென்று சொல்லும். "கணீர்னு கீது. உள்ள வா." திருப்திக்காக இன்னொரு முறை தட்டினான். இந்தத் தடவை உள்ளே இருட்டிலிருந்து ஓர் உறுமல் பதிலாக வந்தது.

மூட்டையைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் எதிரே இருந்த பாறைமேல் எப்படி ஏறினார்கள் என்பது இருவருக்குமே நினைவில்லை. கரடி நிதானமாக வெளியே வந்தது. வெல்லத்தைத் தின்றது, ராகி மாவை முகர்ந்து மூக்கெல்லாம் மாவாக்கிக்கொண்டு தும்மியது, மழையைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போய்விட்டது.

"எறங்குய்யா, அது வரதுக்குள்ள பூடலாம்," என்று தாயம்மா சரசரவென்று இறங்கினாள். சம்பங்கி இறங்கவில்லை. அந்தப் பாறை இரண்டு ஆள் உயரம்தான் இருக்கும். தினம் ஆயிரம் அடி ஆழத்துக்குக் கேஜ் கூண்டில் இறங்குகிறவன், பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான்.

"கால் நடுங்குதுமே."

"கால் சொல்லும்னியே, இன்னா சொல்லுது?" என்றாள் அவள். ஆனாலும் கீழே நின்று அவன் பாதத்தை ஒவ்வொன்றாகப் பிடித்து, கல்லில் வைத்து வைத்து இறக்கினாள்.

அன்று வெறும் சீத்தாப்பழத்தில் பசியாறினார்கள். மறுநாள் ஓர் ஆடு மேய்ப்பவர் கிடைத்தார். பாலாறு பிறக்கும் இடமா என்று வியப்பாகக் கேட்டுவிட்டு, அவர் முன்னால் நடந்தார். ஒரு சரிவின் அடியில், அத்தி மரத்தின் கீழ் நின்று தடியால் காட்டினார்.

இரண்டு கற்களுக்கு நடுவே நான்கு விரல் அகலத்துக்குத் தண்ணீர் கசிந்து ஓடியது. அதிலும் பாதியை மறித்துக்கொண்டு ஓர் எருமைக் கன்று படுத்திருந்தது.

"அருவி எங்க?" என்று கேட்டான் சம்பங்கி. தாயம்மா தெலுங்கில் கேட்டாள். அவருக்குக் கேள்வியே புரியவில்லை.

சம்பங்கி உட்கார்ந்துவிட்டான். பிறகு தன் உள்ளங்கையைக் கற்களுக்கு நடுவே வைத்து அடைத்தான். தண்ணீர் தயங்கி நின்றது.

"பாருமே. ஆத்த நிறுத்திட்டேன்."

"கைய எடுய்யா," என்றாள் தாயம்மா. "அங்க உங்கம்மா தண்ணி மொண்டுகினு இருப்பாங்க."

அவன் சட்டென்று கையை எடுத்துவிட்டான். தண்ணீர் மறுபடி கல்லைத் தாண்டி ஓடியது. அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும், பள்ளிகொண்டாவுக்கே போய்ச் சேருவதைப் பார்க்கிறவன்போலப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கழுவினான். தாயம்மா குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தாள். இதைவிடத் தித்திப்பான தண்ணீரை அவள் குடித்ததில்லை.

மூன்று நாளில் ஊர் திரும்பினார்கள். ஷாஃப்டில் இறைத்து முடித்திருந்தார்கள். லைனில் சம்பங்கி கதை சொன்னபோது, நான்கு விரல் தண்ணீர் நாலடி ஆயிற்று. கரடிக்கு ஒரு ஜோடி சேர்ந்தது. உள்ளே களி கிண்டிக்கொண்டிருந்த தாயம்மா, "ஒண்ணுதான்," என்று மட்டும் குரல் கொடுத்தாள். அவள் சொன்னது கரடியையா அடியையா என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் பெண்களின் பேச்சு வேறாக இருந்தது. காட்டுக்குள் ஐந்து நாள் நடந்த கதையை ஞானசுந்தரி தாயம்மாவிடம் மூன்று தடவை கேட்டாள். மறுவருஷம் ஒகேனக்கல் அருவிக்குப் போவதென்று தாயம்மா முடிவு செய்தபோது, ஞானசுந்தரியும் இன்னும் மூன்று பெண்களும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். கொர்னேலியஸ் வீட்டில் இருந்து ஜெபம் செய்தார்.

இப்படியே வருஷத்துக்கு ஒரு பயணம் என்று எட்டு வருஷம் நடந்தது. மேகம் உரசும் மலைகளையும், பெயரில்லாத காடுகளையும், கடைசியில் கடலையும் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் தலைப்பாகை கட்டிக்கொண்டு முன்னால் நடந்தவன் சம்பங்கிதான். வழி இரண்டாகப் பிரியும் இடம் வந்தால் மட்டும், அவன் நின்று தலைப்பாகையை அவிழ்த்து, உதறி, மெல்ல மெல்லத் திரும்பக் கட்டுவான். கட்டி முடிப்பதற்குள் தாயம்மா யாரையாவது கேட்டு வந்துவிடுவாள்.