ஜீப்புக்கு வைத்த பைப்

தக்காளி ஏற்றுவதுதான் என் பிழைப்பு. பலமனேர் பக்கம் ஒரு குன்று. மேலே தோட்டம், கீழே தார்ரோடு. நடுவில் ஒரு பாறை பாதையைப் பாதி அடைத்து உட்கார்ந்திருக்கும். டிராக்டர் போகாது. என் பழைய ஜீப் ஒரு பக்கமாக அதன் மேல் ஏறி இறங்கும். அதனால் லோடு எனக்கு.

ஏறும்போது வயிற்றைத் தேய்த்துக்கொண்டுதான் ஏறும். கதவுக்குக் கீழே தகரம் அப்பளமாகிவிட்டது. கதவு சாத்தவில்லை, கயிறு போட்டுக் கட்டினேன். ஒருநாள் கயிறு அவிழ்ந்தது. முன்சீட்டில் இருந்த தக்காளி கிரேட் எனக்கு முன்னால் தார்ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

தோட்டக்காரர் சொன்னார். "இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா பாதைய வெட்டிட்டு டிராக்டர் வச்சிக்குவேன்பா."

"சரி" என்றேன்.

மச்சான் திருப்பதியில் டாக்சி ஓட்டுகிறான். போனில் ஒரு படம் காட்டினான். காட்டில் ஓட்டும் வண்டி. இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே தடித்த பைப். பாறை தகரத்தில் படாது, பைப்பின் மேல் வண்டி வழுக்கிக்கொண்டு போய்விடும்.

"இதுக்குப் பேரு ஸ்லைடர் மாமா. கடையில வாங்கினா உன் வண்டி வெலை."

"நாமே பண்ணலாம்."

"உனக்கு வருமா?"

"பைப்பு தானே."

சித்தூர் பழைய இரும்புக்கடையில் போர் பைப் கிடைத்தது. தண்ணீர் வராத கிணற்றிலிருந்து உருவியது. வெல்டிங் மெஷின் வாடகைக்கு எடுத்தோம். தகரத்தில் பற்றவைத்தால் தகரத்தோடு கழன்று வரும். அடியில் இருக்கும் இரும்புச் சட்டத்தில், சேஸில் வைக்க வேண்டும். மல்லாந்து படுத்து வைத்தேன். பொறி சட்டைக்குள் போனது. மச்சான் தள்ளி நின்று, "லெஃப்டு கொஞ்சம் எறங்கிக்கினு கீது மாமா" என்றான். எழுந்து பார்த்தால் கதவு பைப்பில் இடித்தது, திறக்கவில்லை. அறுத்துவிட்டு மறுபடி படுத்தேன்.

வேலை முடிந்ததும் என் மனைவி மஞ்சள் கிண்ணத்தோடு வந்தாள்.

"எதுக்கு?"

"கதவுக்குக் கீழ கீதே. வாசப்படி தானே இது."

"மண்ணுல ஓடுற வண்டி."

"வூடும் மண்ணுலதான் கீது."

இரண்டு பைப்பிலும் தடிமனாக மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள்.

காலையில் ஏறினேன். பைப் பாறையில் உட்கார்ந்தது, முனகியது, வழுக்கியது. தகரத்தில் கீறல் இல்லை. கிரேட் எல்லாம் கீழே வந்தது. தோட்டக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். லோடு நிலைத்தது என்று நினைத்தேன்.

மறுநாள் பாறையில் யாரோ பூ வைத்திருந்தார்கள். அதற்கடுத்த நாள் எலுமிச்சம்பழமும் கற்பூரமும். தோட்டக்காரர் கை காட்டி வண்டியை நிறுத்தினார். செருப்பு காலில் இல்லை.

"அம்மா வந்துகீறாப்பா. பாறையில தானா மஞ்சா பூத்துகீது, பாரு."

"அது என் பைப்புல இருந்தது."

"சரேலே, இருக்கட்டும். வழியில எத்தினி கல்லு கீது, இதுல மட்டும் ஏன் ஒட்டிச்சு?"

அந்த ஒரு கல்தான் இடிக்கும். சொன்னேன். அதையும் அம்மன் மகிமையில் சேர்த்துக்கொண்டார்.

"இனிமே இது மேல டயரு ஏறக்கூடாது."

"லோடு?"

"சுத்திப் பாதை வெட்டலாம்."

தக்காளிக்காக ஒரு கல்லை நகர்த்தாத ஊர், மண்வெட்டியோடு வந்து நின்றது. நானும் வெட்டினேன். வெட்டாமல் இருக்க முடியுமா. பாறையைச் சுற்றி நல்ல அகலமாகப் பாதை வந்தது. அடுத்த வாரம் அதில் டிராக்டர் வந்தது.

மச்சான் கேட்டான். "அன்னிக்கே மஞ்சா வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல மாமா?"

"உங்க அக்காகிட்ட நீ சொல்லு."

பேச்சை மாற்றினான்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பாறைக்கு ஆள் ஏற்றுகிறேன். மற்ற நாளில் கிடைத்த லோடு. போன வாரம் முன்சீட்டில் ஒரு அம்மா, பிச்சாட்டூர்க்காரர். வழி முழுக்க எனக்குக் கதை சொன்னார்.

"ஒரு ஜீப்புக்காரன் தெரியாம அம்மா மேல வண்டி ஏத்திட்டானாம் நைனா. அன்னியிலருந்து அவனுக்குப் பேச்சே வர்றதில்லியாம்."

"ம்" என்றேன்.