மாமியும் இரண்டாம் பாகமும்

கல்யாணம் முடித்து சம்மாந்துறையிலிருந்து கல்முனைக்கு வந்தபோது நான் கொண்டுவந்தது ஒரு உடுப்புப் பையும் ஒரு பெட்டி நிறையப் புத்தகமும்தான். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். வீடு பெண்ணுடையது, நாங்கள் போய் ஒட்டிக்கொள்கிறவர்கள். அதனால் மாப்பிள்ளை என்ன கொண்டுவருகிறார் என்று எல்லாருக்கும் ஒரு கண் இருக்கும். பெட்டியை இறக்கிய மச்சான்மாரில் ஒருவர், "என்ன பாரம் இது, மச்சான் நகைக்கட வச்சிருந்தவரோ?" என்று ஆசையோடு கேட்டார். திறந்து பார்த்ததும் அவர் முகம் போன போக்கை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நான் கணித ஆசிரியர். ஆனால் உயிர் இருப்பது நாவலில். ஒரு நாவலை வாசித்து முடித்தால் அதைப் பற்றி யாரோடாவது கதைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் தின்றது செரிக்காத மாதிரி இருக்கும். சம்மாந்துறையில் இதற்கென்றே சில கூட்டாளிகள் இருந்தார்கள். தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, அண்மையில் வாசித்ததைச் சொல்லிச் சண்டை பிடிப்போம். பிறகு ஒவ்வொருவராகக் கத்தாருக்கும் சவூதிக்கும் போய்விட்டார்கள். இப்போது வட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. "வாங்கிட்டன்" என்று அட்டைப்படம் போடுவார்கள். வாசித்துவிட்டதாக இதுவரை ஒருவரும் போட்டதில்லை.

என் மனைவி ஆஸ்பத்திரியில் நேர்ஸ். கடமை முடிந்து வந்து சாய்ந்தாவென்றால், நான் முதலாம் அத்தியாயத்தைச் சொல்லத் தொடங்கும்போதே கண் சொருகிவிடும். "உங்கட கத நல்ல மருந்து. வாட்டுக்கு வந்து அங்க உள்ள ஆக்களுக்கும் ஒருக்கா சொல்லுங்க" என்பா. இப்படியே என் வாசிப்பெல்லாம் எனக்குள்ளேயே கிடந்து புழுங்கியது.

ஒருநாள் பாதி வாசித்து வைத்திருந்த புத்தகத்தைத் திறந்தேன். நான் நின்ற இடத்தைத் தாண்டி, வெகு தூரத்தில், ஒரு தென்னோலை ஈர்க்கில் துண்டு கிடந்தது. வாசித்த இடத்தைக் காட்ட வைத்தது. நான் ஈர்க்கில் வைக்கிற ஆளில்லை. நான் பக்கத்தை மடிக்கிற சாதி. மனைவியிடம் கேட்டேன்.

"அது உம்மா" என்றா. "நீங்க ஸ்கூலுக்குப் போனா அவ புத்தகத்தத்தான் தூக்குவா. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. தெரிய வழியும் இல்லை, ஏனென்றால் மாமி என்னோடு நேரே கதைப்பதில்லை. கோபம் ஒன்றும் கிடையாது, அது மரியாதை. எங்கள் ஊர்ப் பழைய ஆட்களில் மாமிமார் மருமகனுக்கு முன்னால் வரமாட்டார்கள். வந்தாலும் முக்காட்டை இழுத்துவிட்டு, சொல்ல வேண்டியதை மகளைப் பார்த்துச் சொல்வார்கள். நான் அங்கேயே நிற்பேன். "அவர் சோறு தின்டாரா எண்டு கேளு புள்ள" என்பா மாமி. நானும் மனைவியைப் பார்த்து, "தின்டுட்டன் எண்டு சொல்லுங்க" என்பேன். இப்போதைய இளம் மாமிமார் மருமகனோடு வீடியோ கோலில் சிரித்துக் கதைக்கிறார்கள். என் மாமி அந்த விஷயத்தில் பழைய பதிப்பு.

ஆனால் அந்த ஈர்க்கிலுக்குப் பிறகு மாமியின் அபிப்பிராயங்கள் மனைவி வழியாக வரத் தொடங்கின. நான் வாங்கிய அரசர் கதை ஒன்றைப் பற்றி முதலாவது வந்தது. "அரசர் குதிரையில போறாரு, போறாரு, போய்க்கிட்டே இரிக்காரு. ஒரு இடத்திலயும் இறங்கித் தண்ணி குடிக்கல்ல. அந்தக் குதிரக்காவது குடுத்திரிக்கலாம்." அடுத்தது ஒரு துப்பறியும் நாவல். ஈர்க்கில் அரைவாசியில் நின்றது, அதற்கப்பால் நகரவில்லை. காரணம் கேட்டனுப்பினேன். "டொக்டர்தான் கொன்ட எண்டு விளங்கிட்டு. மறுகா என்னத்துக்கு வாசிக்கிற?" நான் பொறுமையில்லாமல் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். டொக்டர்தான்.

மூன்றாவதுதான் என்னைச் சுட்டது. நான் தலையில் வைத்துக் கொண்டாடிய ஒரு பெரிய நாவல் அது. தனிமை, வாழ்வின் பொருள் என்றெல்லாம் குழுவில் நீளமாக எழுதிப் போட்டிருந்தேன். மாமி சொல்லியனுப்பினா: "அந்த வீட்டுல அவ்வளவு ஆக்கள் இரிக்காங்க. ஒரு நாளும் ஒருத்தரும் அடுப்பு மூட்டல்ல. எப்பிடி உசிரோட இரிக்கிற?" எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மாமிக்கு இலக்கியம் விளங்காது என்று மனதுக்குள் தீர்ப்பும் எழுதினேன். பிறகு சந்தேகம் வந்து புத்தகத்தை மறுபடி புரட்டினேன். உண்மைதான், ஒருவரும் ஒரு கவளம்கூடச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அந்த நாவலை வாசிக்கச் சொல்லி யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உள்ளதைச் சொன்னால், நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். ஒரே வீட்டில், ஒரே புத்தகத்தை, எனக்குப் பின்னாலேயே வாசித்துக்கொண்டு ஒரு ஆள். ஆனால் எல்லாம் மனைவியின் வாயால் சுருங்கி வந்தது. "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரியா?" என்று அவ பாதியை விழுங்கிவிட்டுத்தான் சொல்வா. எங்கள் பக்கத்தில் 'பிறகு' என்பதை 'மறுகா' என்போம். கதை சொல்லும்போது கேட்கிறவர் இடையிடையே "மறுகா?" என்று கேட்டால்தான் சொல்கிறவருக்கு நாக்கு ஓடும். மாமி என்னிடம் நேரே அந்த ஒரு சொல்லைக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. வெளியில் சொல்ல வெட்கமான ஆசைதான், என்றாலும் பெரிய ஆசை.

அந்த நேரத்தில்தான் ஒரு நாவலின் முதலாம் பாகம் வந்தது. எங்கள் கரையோரத்து ஆள் ஒருவர் எழுதியது. ஒரு பெண், அவளுடைய கணவன். அவன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கப்பலேறிப் போய்விடுகிறான். அவள் இடியப்பம் அவித்து விற்றுப் பிள்ளைகளை வளர்க்கிறாள். கடைசி அத்தியாயத்தில் மழை. கதவு தட்டப்படுகிறது. அவள் போய்த் தாழ்ப்பாளை நீக்குகிறாள். அதோடு முதலாம் பாகம் முற்றும்.

மாமிக்குப் பொறுக்கவில்லை. மனைவி என்னிடம் வந்து, "உம்மா கேக்குறா, மறுகா எங்க?" என்றா. இரண்டாம் பாகம் அச்சில் இருப்பதாக எழுத்தாளர் முகநூலில் போட்டிருந்ததைச் சொல்லியனுப்பினேன். அன்றிலிருந்து ஸ்கூல் விட்டு வரும்போதெல்லாம் நான் மெயின் வீதியில் இருக்கிற புத்தகக் கடைக்குள் தலையை நீட்டுவேன். அங்கே விற்பனையாவது பரீட்சை வழிகாட்டிகள்தான். நாவல் எனக்காக மட்டும் எடுப்பார் கடைக்காரர். "வரும் சேர், வரும்" என்பார். வீட்டுக்கு வந்ததும் சமையலறைத் திரைக்குப் பின்னால் மாமியின் வளையல் சத்தம் நிற்கும். நான் இல்லையென்று தலையை ஆட்டுவேன். வளையல் மறுபடி வேலையைத் தொடங்கும்.

காத்திருந்த காலத்தில் வீட்டில் வாதம் முற்றிவிட்டது. கதவைத் தட்டியது கணவன்தான் என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம். அவனை உள்ளே எடுக்கலாமா என்பதில்தான் பிரச்சினை. வந்தவனை ஒருமுறை விசாரித்தாவது பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. வாசலோடு அனுப்ப வேண்டும் என்பது மாமியின் கட்சி. இதில் ஒரு சிக்கல் இருந்தது. நாவலில் அந்தக் கணவனுக்கு வைத்திருந்தது, மௌத்தாகி மண்ணுக்குப் போன என் மாமனாரின் பெயர். மாமி ஒருநாளும் தன் கணவரின் பெயரை வாயால் சொன்னதில்லை. கிளினிக்கில் கேட்டால்கூட மகளைத்தான் பார்ப்பா. ஆகவே நாவலில் வருகிறவனையும் "அவர்" என்றுதான் சொன்னா. மருமகன் பெயரையும் சொல்லக் கூடாது, அதனால் நானும் "அவர்"தான்.

ஒரு வெள்ளிக்கிழமை. மனைவி காலையிலேயே கடமைக்குப் போயிருந்தா. இடைவேளையில் தன் உம்மாவுக்குக் கோல் எடுத்து, என் கட்சியின் புதிய நியாயம் ஒன்றை ஒப்புவித்திருக்கிறா. மாமி மீன் பொரித்துக்கொண்டே, எண்ணெய்ச் சத்தத்துக்கு மேலால், போனில் கத்தியிருக்கிறா: "நீ என்ன சொன்னாலும் சரி புள்ள. அவர் வந்தா வீட்டுக்குள்ள எடுக்க ஏலாது. நான் கதவத் திறக்க மாட்டன். போன மனிசன் போனதுதான்."

மதிலுக்கு அந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தவ பக்கத்து வீட்டுச் சாச்சி. எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்தவவும் அவதான். பொறுப்பான மனுஷி. கையில் இருந்த உடுப்பைப் போட்டுவிட்டு சம்மாந்துறைக்குக் கோல் எடுத்து, என் உம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டா. மகனைப் பெண் வீட்டிலிருந்து வெளியே போடுகிறார்கள் என்பதைவிடப் பெரிய அவமானம் எங்கள் ஊர்களில் ஒரு உம்மாவுக்கு இல்லை.

இது எதுவும் தெரியாமல் நான் ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்தேன். போனில் கடைக்காரர்: "சேர், கொழும்பு பஸ்ஸில பார்சல் வந்திட்டு." ஓடினேன். இருந்தது ஒரே ஒரு பிரதிதான். கடை வாசலிலேயே பிரித்து, முகர்ந்து பார்த்தேன். முதல் பக்கத்தை வாசிக்கக் கை துடித்தது. ஆனால் மாமியை விட்டுவிட்டு வாசிக்க மனம் வரவில்லை, மூடிவிட்டேன்.

வீட்டு வாசலில் என் காக்காவின், அதாவது அண்ணனின், ஓட்டோ நின்றது. உள்ளே என் உம்மா கதிரையின் நுனியில், அழுத கண்ணோடு. "எழும்பு... இல்ல, நீ நிக்கிறாய்தானே, அப்பிடியே வா மனே, போவம்" என்றா. "சாமான எடு. எங்களுக்கு வீடில்லையா?"

எனக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. உம்மா திரையைப் பார்த்து, "நாங்க தந்த புள்ள என்ன குத்தம் செஞ்ச, மச்சி? குடிக்கிறானா, அடிக்கிறானா?" என்று கேட்டா. திரைக்குப் பின்னாலிருந்து பதில் இல்லை. மாமி வழக்கமாக மகள் வழியாகத்தான் பதில் சொல்வா. மகளோ ஆஸ்பத்திரி வாட்டில். அந்த மௌனத்தை உம்மா ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டா. காக்கா அறைக்குள் போய், இந்த வீட்டில் என்னுடையதென்று அவருக்குத் தெரிந்த ஒரே பொருளை, என் புத்தகப் பெட்டியை, மூச்சுப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

திரை விலகியது. மாமி முக்காட்டோடு, கையில் மீன் திருப்புகிற அகப்பையோடு, நடு வீட்டுக்கு வந்துவிட்டா.

"மருமகன், அந்தப் பொட்டிய வைக்கச் சொல்லுங்க."

கல்யாணம் முடித்த நாளிலிருந்து மாமி என்னிடம் நேரே சொன்ன முதல் வசனம். என்னைப் போக விடாமலா, பெட்டியைப் போக விடாமலா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. காக்கா பெட்டியை வைத்தார். மாமி உம்மாவிடம் திரும்பி, "நான் சொன்ன இவர இல்ல மச்சி. அவர" என்றா.

"எந்த அவர?" என்றா உம்மா.

"புத்தகத்துல உள்ள அவர."

உம்மா என்னைப் பார்த்தா. நான் கையிலிருந்த இரண்டாம் பாகத்தைத் தூக்கிக் காட்டினேன். காக்கா ஓட்டோவின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. உம்மா கண்ணைத் துடைத்துவிட்டு, இவ்வளவு தூரம் வந்ததுக்கு யாரிடமாவது கோபப்பட வேண்டும் என்பதால், "அப்பிடி என்ன செஞ்சிட்டான் அந்த மனிசன்?" என்று கேட்டா.

மாமி சொல்லத் தொடங்கினா. பொரித்த மீனும் சோறும் வந்தன, சாப்பிட்டபடியே கதை நடந்தது. கப்பல், இடியப்பத் தட்டு, மழை, கதவு. முதலாம் பாகம் முழுவதையும், எழுத்தாளர் விட்ட இடங்களில் என்ன கறி சமைத்திருப்பார்கள் என்பதையும் சேர்த்து, மாமி சொன்னா. உம்மா "மறுகா? மறுகா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தா. மாமியின் குரலை நான் அவ்வளவு நேரம் கேட்டது அன்றுதான். எனக்கு அந்த மகிழ்ச்சியில் சோறு எது, மீன் எது என்று தெரியவில்லை. கதை முடிந்ததும் உம்மா, மாமியின் கட்சியில் சேர்ந்துவிட்டா. "கதவச் சாத்தோணும்" என்றா உறுதியாக.

புத்தகம் ஒன்று, ஆட்கள் நாலு. நான் சத்தமாக வாசிப்பதென்று முடிவாயிற்று. மாமி திரைக்கு இந்தப் பக்கம் பாயில் இருந்தா. காக்கா போகிற அவசரத்தில் இருப்பதாகக் காட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். நான் முதல் பக்கத்தைத் திறந்தேன்.

முதல் வரியிலேயே மாமனாரின் அந்தப் பெயர் இருந்தது. வாய் அதைச் சொல்லப் போன நேரம், முக்காட்டுக்குள்ளிருந்து மாமி என்னையே பார்ப்பது தெரிந்தது. நான் அச்சில் இருந்த பெயரை விட்டுவிட்டு வாசித்தேன்.

"கதவுக்கு வெளியே அவர் நின்றார். தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது. உள்ளே வரவா என்று அவர் கேட்கவில்லை."

"சாத்தச் சொல்லு" என்றா உம்மா.

மாமி முன்னைப்போலக் கதவைச் சாத்தச் சொல்லவில்லை. "நல்லா நனைஞ்சிட்டாராமா?" என்று கேட்டா. என்னைப் பார்த்துத்தான் கேட்டா.

"ஓம் மாமி" என்றேன். "நல்லா நனைஞ்சிட்டாரு."

மாமி முக்காட்டுத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. பிறகு பாயில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து இருந்துகொண்டு கேட்டா:

"மறுகா?"