சொல்லாமல் இறங்கிய இடம்

2007ஆம் வருஷம் ஜூன் மாதம், நார்வே நாட்டின் வடகோடிக் கடற்கரையில் நடந்தது இது. ஆரணிக்காரனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கூலிக்குப் பட்டு நெய்து, சொந்தத் தறி போட்டு, கடை வைத்து, ஆரணி பக்கத்துச் சேவூரில் எங்கள் தெருவின் முதல் மாடி வீட்டைக் கட்டியவன். மகனை இன்ஜினீயருக்குப் படிக்க வைத்தேன். அவன் நார்வேயில் வேலைக்குப் போனான். என் மனைவி இறந்த மறு வருஷம், "ஒரு மாசம் வந்து இருங்கப்பா" என்று டிக்கெட் அனுப்பினான்.

கோடை லீவில் ஒரு மோட்டார் ஹோமை வாடகைக்கு எடுத்தான். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி அது. மகன், மருமகள், பேத்தி, நான் என்று நாலு பேரும் கிளம்பினோம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஜூன் மாதத்திலும் பனி உருகாத மலை. ராத்திரியிலும் சூரியன் மறையவில்லை. பார்க்கப் பார்க்க, இதை யாரிடம் போய்ச் சொல்வது என்றுதான் இருந்தது. மகன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினான். பேத்தி அந்த ஊர் பாஷையில் புத்தகம் படித்தாள். நான் முன்னுக்கு வந்த கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன். நான்காம் நாள் மகன், "போதும்பா, இதையே எத்தினி வாட்டி சொல்லுவீங்க" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. "இனிமே நானா எழுந்து வர்ற வரைக்கும் யாரும் என்னைக் கூப்புடாதீங்க" என்று சொல்லிவிட்டு, பின்பக்கப் படுக்கையில் திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். வண்டிக்குள்ளேயே கக்கூஸும் இருந்தது, அடுப்புக்கு இரண்டு முழம் தள்ளி. மருமகள் சமைக்கிற இடத்தில் அந்தக் கதவைத் திறந்துகொண்டு போக எனக்கு மனசு வரவில்லை. அதை மகனிடம் சொல்லவும் வெட்கம். அதனால் தினமும் காலையில் எல்லோரும் எழுவதற்கு முன்பே இறங்கி, பாறை மறைவில் ஒதுங்கிவிட்டு வந்துவிடுவேன். படுக்கை காலியாகத் தெரியக் கூடாதென்று தலையணைகளைக் கம்பளியால் போர்த்திவிட்டுப் போவேன். என் மூளையை நானே மெச்சிக்கொள்வேன்.

மறுநாள் காலையும் அப்படித்தான் இறங்கினேன். கடலைப் பார்த்துக்கொண்டு நேரம் போவதே தெரியாமல் நின்றுவிட்டேன். திரும்பி வந்தால் வண்டி இல்லை. புல்லில் டயர் அழுந்திய தடம் மட்டும் இருந்தது.

வேட்டி, ஸ்வெட்டர், குல்லாவோடு நிற்கிறேன். பாஸ்போர்ட்டும் போனும் வண்டியில். மகனுடைய நம்பர் மனப்பாடம் இல்லை, எப்போதும் ஒரு பட்டனை அழுத்தினால் போய்விடும். கூப்பிட்டுப் பார்த்தேன். கடல் காற்றில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. நேற்றுக் கோபத்தில் என்னை வேண்டுமென்றே விட்டுவிட்டார்களோ என்றுகூடத் தோன்றியது.

கொஞ்ச தூரத்தில் ஒரு சிவப்பு மர வீடு. வாசலில் என் வயசுக்காரர் ஒருவர், வலையைக் கம்பங்களில் இழுத்துக் கட்டி, கிழிசலைச் சரி செய்துகொண்டிருந்தார். ஓடிப் போய்த் தமிழில் என்னென்னவோ சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. நான் யார் என்று காட்ட, ஸ்வெட்டருக்குள் சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் என் கடையின் விசிட்டிங் கார்டை நீட்டினேன். பெருமைக்காக, நம்பருக்கு முன்னால் இந்தியாவின் 91-ஐயும் சேர்த்து இங்கிலீஷில் அடித்த கார்டு அது. அவர் அதிலிருந்த நம்பரைப் பார்த்தார், உள்ளே போய்த் தன் போனை எடுத்து வந்து அழுத்தி, என் காதில் வைத்தார். ஆரணிக் கடையில் என் ஆள் எடுத்தான்.

"முதலாளி, எங்கிருந்து பேசுறீங்க?"

"தெரியலையே."

"சின்னவர் பக்கத்துல இல்லீங்களா?"

பொய் வாய் வரைக்கும் வந்தது. முந்தின நாள்தான் அவனிடம், மகன் என்னை ராஜா மாதிரி வைத்திருக்கிறான் என்று அளந்திருந்தேன். "என்னை உட்டுட்டுப் போயிட்டாங்கய்யா" என்றேன். "நேத்து வண்டி நின்ன எடத்துலயே இருக்கேன்னு அவனுக்குப் போன் போட்டுச் சொல்லு."

அந்தப் பெரியவர் தன் கோட்டை எனக்குப் போர்த்தி, காபி கொடுத்துவிட்டு, வலைக்குத் திரும்பினார். சும்மா உட்கார முடியவில்லை. அறுந்த இரண்டு முனைகளை எடுத்து, தறியில் இழை அறுந்தால் போடும் முடிச்சைப் போட்டேன். முதலாளி ஆன பிறகு நூலைத் தொடுவது கௌரவக் குறைச்சல் என்று விட்டிருந்த வேலை அது. முதல் முடிச்சு நழுவியது. இரண்டாவது நின்றது. அவர் அதை இழுத்துப் பார்த்தார். பிறகு தான் ஒன்று போட்டுக் காட்டினார். அதே முடிச்சு. இரண்டு பேரும் சிரித்தோம். அவர் தன் பாஷையில் ஏதோ சொன்னார், நான் ஆரணித் தமிழில் பதில் சொன்னேன். என் கடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்று மணி நேரம் கழித்து வண்டி வந்தது. காலைப் படகில் வண்டியை ஏற்றி அக்கரை போய்விட்டார்கள். சேதி கிடைத்து, அடுத்த படகுக்குக் காத்திருந்து திரும்பியிருக்கிறார்கள். மகன் இறங்கி ஓடி வந்து என் கையைப் பிடித்தான்.

"இன்னாப்பா இது, ஒரு வார்த்தை சொல்லிட்டு எறங்கக்கூடாதா?"

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க தூங்குறீங்கன்னு நெனச்சோம் மாமா. எழுந்துடப் போறீங்கன்னு பாப்பாவக்கூட மெதுவாத்தான் பேசச் சொல்லிகினு வந்தேன்."

வண்டிக்குள் ஏறினேன். என் படுக்கை ஓரத்தில் ஒரு தட்டு உப்புமா, இன்னொரு தட்டால் மூடி வைத்திருந்தது. ஆறிப் போயிருந்தது. என்னை அவர்கள் மறக்கவில்லை, எழுப்பப் பயந்திருக்கிறார்கள். அந்த உப்புமாவை ஒரு துளி விடாமல் சாப்பிட்டேன். பிறகு கக்கூஸ் விஷயத்தையும் சொன்னேன். மகன் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் அவனே என்னோடு இறங்கி வந்தான்.

அவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். நான் சேவூர் மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். கேட்க ஆள் இல்லை என்று தெரிந்தும், கதவைப் பூட்டும்போதெல்லாம் வெறும் கூடத்தைப் பார்த்து, "போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறேன்.