மைக் அறையில் ஆராதனை

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மெயின் அருவிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து மைக்கில் அறிவிப்பு செய்வது என் வேலை. தண்ணீர் கூடினால் எல்லோரையும் வெளியே வரச் சொல்ல வேண்டும். பாறையில் ஏறுகிறவர்களை இறங்கச் சொல்ல வேண்டும். காணாமல் போனவர்களைக் கூப்பிட வேண்டும். தென்காசியில் எங்கள் சபையில் ஆராதனை நடக்கிற நேரத்தில்தான் இங்கே கூட்டம் அதிகம்.

"கோயில்ல உங்களக் காணோம்னு எல்லாரும் கேக்குதாவ" என்றாள் மனைவி. "சாரல் அடிச்சா அவருக்கு ஆண்டவர் வேண்டாமான்னு ஒருத்தி கேக்கா."

போதகரே வீட்டுக்கு வந்துவிட்டார். ஜெபம் பண்ணினார், காப்பி குடித்தார். "வருத்தப்படாதீங்க. செய்யிற வேலைய ஆண்டவருக்குன்னு செஞ்சா அதுவும் ஆராதனைதான்" என்றார். அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். நான் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டேன். இனி என் ஜன்னலுக்கு யார் வந்தாலும் ஆண்டவரே வந்து நிற்பதாக நினைத்துப் பதில் சொல்வது என்று தீர்மானித்தேன்.

அடுத்த ஞாயிறு முதலில் வந்தவர் பல்செட்டைத் தொலைத்திருந்தார். அருவி அடித்துக்கொண்டு போய்விட்டதாம். தண்ணீரைக் கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமா என்று கேட்டார். கடலையும் காற்றையும் அதட்டி அடக்கிய ஆண்டவர் இதற்கு என்னிடம் வரமாட்டார் என்று தோன்றியது. இருந்தாலும் மரியாதையாகவே முடியாது என்றேன்.

அவர் போனதும் பிழிந்த ஈரச் சேலையைத் தோளில் போட்டபடி ஓர் ஆச்சி வந்தார்.

"எங்க வீட்டு அவுகளக் காணோம்யா."

"பேரு என்ன ஆச்சி?"

"அவுக பேரையா? அத நான் சொல்லப்பிடாதுல்லா."

"அவசரத்துக்குச் சொல்லலாம் ஆச்சி."

"காணாமப் போனது அவுக. நான் எதுக்குய்யா பேரச் சொல்லணும்?"

செல்போன் இரண்டும் ஆச்சியின் பையில்தான் இருந்தன. அடையாளம் கேட்டேன். வழுக்கைத் தலை, இடுப்பில் சிவப்புத் துண்டு, ஊர் ஆய்க்குடி என்றார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அருவிக்கரை முழுக்க வழுக்கைத் தலையும் சிவப்புத் துண்டும்தான்.

அறிவித்தேன். சிவப்புத் துண்டு கட்டிய பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். "இவுக இல்ல" என்று ஆச்சி ஒவ்வொருவரையும் திருப்பி அனுப்பினார். ஒருவர், "நான் ஆய்க்குடி இல்ல. ஆனா எம்பொண்டாட்டியையும் காணோம்" என்று அங்கேயே நின்றுகொண்டார்.

மற்ற நாளாக இருந்தால் போலீஸ் பூத்தைக் கைகாட்டிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். அன்றைக்கு அப்படிச் செய்ய முடியவில்லை. ஜன்னலில் நிற்பவரை ஆண்டவராக நினைப்பது என்றல்லவா தீர்மானித்திருந்தேன். ஆச்சியை உள்ளே கூப்பிட்டு என் நாற்காலியைக் கொடுத்தேன். பிறகு மைக்கையும் அவர் பக்கம் திருப்பினேன்.

"வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படியே கூப்பிடுங்க ஆச்சி."

ஆச்சி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏங்க! நான் இங்கன மைக்கு ரூமுல இருக்கேன். வாங்க."

அருவியில் நின்ற ஆண்களில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் குளிப்பதை விட்டுவிட்டு வெளியே வந்தார்கள். பெண்கள் துணி மாற்றும் இடத்துப் பக்கமிருந்து சிவப்புத் துண்டோடு ஒரு பெரியவர் ஓடி வந்தார். மூச்சு வாங்கியது.

"துணி மாத்தப் போறேன்னு சொன்னியேன்னு அங்கனயே நிக்கேன். நீ எங்கட்டி போன?"

அவர் காணாமலே போகவில்லை; அதனால் என் அறிவிப்பு தனக்கில்லை என்று அங்கேயே நின்றிருக்கிறார். ஆச்சிதான் வேறு வழியாக வெளியே வந்திருக்கிறார்.

"ஊரே கேக்க இப்படியா கூப்பிடுவ?"

"பேரச் சொல்லலல்லா" என்றார் ஆச்சி.

இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே பரோட்டா கடைப் பக்கம் போனார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னலில் ஒரு போலீஸ்காரர் வந்து நின்று, "அண்ணாச்சி, மைக்க வெளியாளுட்ட கொடுக்கப்பிடாது, தெரியும்லா?" என்றார். தெரியும் என்றேன்.

சபையில் கடைசி ஜெபம் முடிந்து எழுந்திருக்கும்போது வருகிற நிம்மதி எனக்கு அப்போது வந்தது. அதை உட்கார்ந்து அனுபவிக்க நேரமில்லை. தண்ணீர் கூடிக்கொண்டிருந்தது. குளித்துக்கொண்டிருந்த எல்லோரையும் வெளியே வரச் சொன்னேன். ஒருவரும் வரவில்லை.