முகர்ந்து பார்த்த பெட்ரோல்

பேருந்துகளில் டிக்கெட் பரிசோதிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவர் செக்கர்தான். வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பார். பூட்டுக்கே அவர்மேல் சலிப்பு வந்திருக்கும் என்பாள் மனைவி.

அவளுடைய நுரையீரல் பழுதானதும் படுக்கையறைக்கு ஆக்சிஜன் இயந்திரம் வந்தது. மின்சாரத்தில் ஓடுவது. மழைக்காலத்தில் மின்சாரம் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அந்தச் சமயம் பார்த்து பங்க்கிலும் பெட்ரோல் கிடைக்காது. செக்கர் ஜெனரேட்டர் வாங்கினார். மனைவியின் தம்பி மெக்கானிக். இரண்டு இரும்பு கேன்களில் புது பெட்ரோல் கொண்டுவந்து, கெடாமலிருக்க ஒரு மருந்தைக் கலந்தான். சூட்டில் விரியக் கொஞ்சம் இடம் விட்டு, கழுத்துவரை நிரப்பி மூடியை இறுக்கினான். வெயில் படாத பின்கொட்டகையில் வைத்து, மழை தொடங்கும்வரை தொடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

தொடாமலிருக்க அவரால் முடியவில்லை. தெரியாமலே கெட்டுப்போயிருந்தால்? ஒருநாள் காலை இரண்டு கேன்களையும் திறந்து முகர்ந்தார். வாசனை குப்பென்று ஏறியது. மனசு அடங்கியது. மாலைக்குள் மறுபடி அரிக்க ஆரம்பித்தது. கோடை முழுக்க இப்படியே போயிற்று. வாசனை மெல்ல மாறிக்கொண்டு வந்தது. தினமும் முகர்ந்த மூக்குக்கு அது தெரியவில்லை.

முதல் பெருமழை பெய்த மதியம் மின்சாரம் போனது. கேனிலிருந்து பெட்ரோலை ஊற்றி, ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்தார். இருமிவிட்டு நின்றது. கை ஓயும்வரை இழுத்தார். அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டரை மனைவிக்குப் பொருத்திவிட்டு மைத்துனனுக்குப் போன் போட்டார். அவன் நனைந்துகொண்டு வந்து சேர்வதற்குள் சிலிண்டரின் முள் சிவப்பைத் தொட்டிருந்தது.

இரண்டு கேன்களையும் முகர்ந்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பழைய வார்னிஷ் நாற்றம்.

"மாமா, இதத் தொறந்தீங்களா?"

"நல்லாருக்கான்னு பாத்தேன்."

"எத்தன தடவ?"

செக்கர் மூடியை எடுத்துத் திருகி மூடினார்.

"பஸ்ல ஒரு ஆளுகிட்ட ஒரு தடவதானே டிக்கெட் கேப்பீங்க?"

திறக்கத் திறக்க, பற்றிக்கொள்ளும் சத்தெல்லாம் ஆவியாகிவிட்டது, உள்ளே போன காற்று மிச்சத்தைக் கெடுத்துவிட்டது என்று கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்தபடியே சொன்னான். ஜெனரேட்டரில் இருந்ததைக் காலி செய்துவிட்டு, தன் பைக்கிலிருந்து குழாய் வைத்து இறக்கிய பெட்ரோலை ஊற்றினான். கயிற்றை இழுத்தான். முதலில் புகைதான் வந்தது. அடுத்த இழுப்பில் பிடித்துக்கொண்டது.

செக்கர் உள்ளே ஓடினார். இயந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. மனைவியின் உதட்டில் இருந்த நீலம் கலைய நேரமாயிற்று. கலைந்த பிறகும் அவர் அவள் பக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. அவள் கண்ணை மூடும்போதெல்லாம் தோளைத் தொட்டு அசைத்தார். அவள் விழித்துப் பார்த்தாள்; மூடினாள். மறுபடி அசைத்தார்.

"மூச்சு வருதுங்க," என்றாள் அவள். "தூங்க விடுங்க."

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் மார்பு ஏறி இறங்குவதைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.