கறி படாத தூக்குவாளி

வெஸ்ட் ஆல்டன் சின்ன ஊர். பார்சிப்பனி பக்கம் வேலை பார்க்கிறவர்கள் அங்கே வாங்க முடியாத வீட்டை இங்கே வாங்கிக்கொண்டு தினமும் காரில் போய் வருவார்கள். சின்ன ஊரானாலும் அதற்கு ஒரு பெருமை உண்டு. எத்தனை நிறத்து மனிதர்கள், எத்தனை பாஷைக்காரர்கள் தன்னிடம் இருக்கிறார்கள் என்று சொல்லி அதற்கு மாளாது. நகரசபையில் படம், நூலகத்தில் படம், வருடத்துக்கொரு நாள் பூங்காவில் கூடாரம் போட்டுப் பாரம்பரிய விழா. அன்றைக்கு எல்லாரும் அவரவர் ஊர்த் துணியை உடுத்திக்கொண்டு, அவரவர் ஊர்ப் பண்டத்தைப் பேப்பர் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். மறுநாள் அவரவர் தெருவுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

இத்தாலியர்கள் மேட்டுத் தெருவில். போலந்துக்காரர்கள் மூடிப்போன தொழிற்சாலையை ஒட்டி, தங்கள் சர்ச்சைச் சுற்றி. கறுப்பர்கள் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் கடைவீதி மாடிகளில். புதிதாக முளைத்த காலனியில் குஜராத்திகளும் தெலுங்கர்களும் நம்மவர்களும். இவர்கள் அத்தனை பேரும் ஒரே வரிசையில் நின்ற இடம் குத்புதீனின் மளிகைக் கடை ஒன்றுதான். வாழைக்காய்க் கூடையில் போர்ட்டோ ரிக்கோக்காரி ஒரு கை, தமிழச்சி ஒரு கை. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பது நம் பெண்களின் கெட்ட பழக்கம் என்று குத்புதீன் நினைத்திருந்தார். ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற, பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மிஸ் ஒடெஸாவும் ஒடித்துத்தான் வாங்கினாள். அன்றிலிருந்து அவர் யாரையும் ஒன்றும் சொல்வதில்லை.

குத்புதீனுக்கு அதிராம்பட்டினம். சாஃப்ட்வேர் சோதிக்கிற வேலைக்கு வந்து, கிரீன் கார்டு கைக்கு வந்த கையோடு வேலை போனது. அது கம்பெனிகள் ஆட்களைக் கொத்துக் கொத்தாக அனுப்பிய 2001. இருந்ததைப் போட்டு மனைவி மெஹர் நிஷாவின் பெயரில் கடை வைத்தார். கடைக்குப் பெயர்ப்பலகை மாட்டி ஒரு பருவம்கூட முடியவில்லை, செப்டம்பர் வந்தது, விமானங்கள் கோபுரங்களில் மோதின. பலகையில் இருந்த மெஹர் என்ற பெயர் யார் கண்ணையோ உறுத்தியது. ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் முன்கண்ணாடி முழுக்கத் தரையில் கிடந்தது.

அன்றைக்குத் துடைப்பம் எடுத்து அந்தத் தூளைக் கூட்டி அள்ளியவர் சிவராமகிருஷ்ணன். காலனியில் முதலில் வீடு வாங்கிய தமிழர், பெரிய மருந்துக் கம்பெனியில் மேனேஜர். "பாய், நீங்க ஓரமா உக்காருங்க, கைல குத்திடப் போறது" என்று அவரை நகர்த்திவிட்டு, வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கூட்டினார். அந்த ஒரு காலைக்காக குத்புதீன் அவருக்குத் தன் தலையைக்கூடக் கொடுத்திருப்பார். கொடுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த வருட நோன்பில் மெஹர் நிஷா ஒரு எவர்சில்வர் தூக்குவாளி வாங்கினாள். நோன்புக் கஞ்சி என்றால் அரிசி, பயத்தம்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால், கூடக் கொத்துக்கறி. சிவராமகிருஷ்ணன் வீட்டில் முட்டைகூடத் தொடமாட்டார்கள். அதனால் அவர்களுக்குத் தனி அடுப்பில், தனிப் பானையில், கறியில்லாத கஞ்சி. அதைக் கொண்டுபோகக் கறியே படாத அந்தத் தூக்கு. அதைத் தேய்க்கக்கூடத் தனி நார். மகள் ரிதா ஒருமுறை கறிக் கரண்டியை அதற்குள் போடப் போக, மெஹர் நிஷா கையைத் தட்டிவிட்டாள். "அது அவங்க சாப்பிடுற பாத்திரம்ல, நம்பிச் சாப்பிடுறாங்க" என்றாள். தூக்கை ஒருநாளும் வெறுமனே திருப்பக்கூடாதென்று சிவராமகிருஷ்ணனின் மனைவி ஷ்யாமளா அதில் ஒரு பிடி சர்க்கரை போட்டு அனுப்புவாள்.

அந்தக் கறியில்லாத கஞ்சிதான் பாரம்பரிய விழாவில் இந்தியக் கூடாரத்துக்கும் போனது. குத்புதீன் அகப்பையோடு சிரிக்க, பக்கத்தில் சிவராமகிருஷ்ணன் ஜிப்பா போட்டுக்கொண்டு நிற்க, நகரசபை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கித் தன் கூட்ட அறையில் மாட்டிக்கொண்டது.

ஊரில் முஸ்லிம்கள் கொஞ்சப் பேர். அதிலும் ஊரைப் போலவே ஆளுக்கொரு நிறம்: எகிப்து டாக்டர், வங்கதேசத்து டாக்ஸிக்காரர்கள், கறுப்பர்களில் சில வயசாளிகள், குத்புதீன் வீடு. ஒரு செருப்புக்கடை மாடியில் தொழுதுகொண்டிருந்தார்கள். கட்டடத்தை விற்றுவிட்டதால் அந்த மாடியும் போனது. இனி வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு ஃப்ரீவேயில் அடுத்த ஊர் ஓட வேண்டும். கார் ஓட்டாத கிழவர்களுக்கு அதுவும் இல்லை. அப்போதுதான் காலனி முகப்பில் மூடிக் கிடந்த கம்பளக் கடை வாடகைக்கு வந்தது. நோன்புக்குள் அதைத் தொழுகைக்கூடமாக்கிவிட வேண்டும் என்று எல்லாரும் சேர்ந்து குத்புதீன் தலையில் பொறுப்பைக் கட்டினார்கள். ஊரே அவரை அறியும், அவருக்கு யார் இல்லையென்று சொல்லப்போகிறார்கள் என்பது அவர்கள் கணக்கு. அவர் கணக்கும் அதுதான்.

எந்த இடத்தில் எது நடக்கலாம் என்று தீர்மானிக்கிற ஜோனிங் போர்டின் அனுமதி வேண்டும். குத்புதீன் நேராக சிவராமகிருஷ்ணனிடம் போனார்.

"எல்லாம் சரியா இருக்கு சிவா. பார்க்கிங் ஒண்ணுதான் இடிக்குது. இடம் பத்தாது" என்றார்.

"அப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"பக்கத்துப் போலிஷ் சர்ச் ஃபாதர் அவங்க பார்க்கிங் லாட்ட யூஸ் பண்ணிக்கச் சொல்லிட்டார். வாய்வார்த்தைதான். எழுதிக் கேட்டா மேலிடத்துல கேள்வி வரும், நீங்க பாட்டுக்கு நிறுத்திக்கங்கன்னாரு. போர்டுல இத நாங்களா எடுக்கப் போறதில்ல. நம்ம ஆள் நீங்கன்னு சொல்றேன், வெளிய போக வேணாம்."

"எங்கிட்டச் சொல்லிட்டீங்கள்ல, விடுங்க பாய்" என்றார் சிவராமகிருஷ்ணன். ஷ்யாமளா காபி கொண்டுவந்தாள்.

வேறு யாராயிருந்தாலும் வக்கீலிடம் சொல்லியிருப்பான். நம் ஆட்களுக்குத்தான் இந்தப் புத்தி. அயல்தேசத்தில் தமிழ் பேசுகிறவன் ஒருவன் கிடைத்துவிட்டால், வயிற்றில் இருப்பதையெல்லாம் அவன் முன் கொட்டினால்தான் தூக்கம் வரும்.

விசாரணை ஒருநாள் மாலையில் நடந்தது. கூட்ட அறை நிரம்பி வழிந்தது. போர்டுக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பின்னால் சுவரில் அந்தப் படம். குத்புதீன் தன்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். இத்தாலியர் ஒருவர் சத்தம் வரும் என்றார். ஒரு பெண், குழந்தைகள் நடமாடுகிற இடம் என்றாள். அதில் என்ன பயம் என்று அவளும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. மிஸ் ஒடெஸா எழுந்து, "என் அப்பா இந்த ஊரில் மேட்டுத் தெருவில் வீடு வாங்கப் போனபோது சாக்கடைக் குழாய் பத்தாது என்றார்கள். இப்போது நீங்கள் என்ன பத்தாது என்று சொல்வீர்கள் என்று கேட்கத்தான் வந்தேன்" என்றாள். நேரம் முடிந்தது என்று தலைவர் மணியைத் தட்டினார்.

அப்புறம் சிவராமகிருஷ்ணன் எழுந்தார். குத்புதீனுக்கு நெஞ்சு லேசானது. தனக்காகப் பேசத்தான் எழுகிறார் என்று பக்கத்திலிருந்த டாக்டரின் கையைக்கூட அழுத்தினார்.

சிவராமகிருஷ்ணன் அழகான ஆங்கிலத்தில் பேசினார். தானும் ஒரு குடியேறி, ஒரு சிறுபான்மை, எந்த மதத்துக்கும் விரோதி இல்லை என்றார். பிறகு, "விண்ணப்பதாரருக்குப் போதுமான பார்க்கிங் இல்லை. சர்ச்சின் இடத்தை வாய்வார்த்தையாக நம்பியிருக்கிறார்கள் என்று அறிகிறேன். இதை போர்டு கேட்டுத் தெளிவுபடுத்த வேண்டும்" என்றார்.

ஐந்து வருடம் பாய் என்று கூப்பிட்ட வாய், விண்ணப்பதாரர் என்றது. போர்டு ஃபாதரைக் கேட்டது. கடைசி வரிசையில் இருந்த ஃபாதர் முகம் சிவந்து, அப்படி எந்த உறுதியும் தரவில்லை என்றார். அதோடு கதை முடிந்தது. அனுமதி மறுத்ததைப் படித்துவிட்டுத் தலைவர், இது இனமோ மதமோ சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை என்பதை எடுத்துக்காட்டிய இந்தியச் சமூகத்து நண்பருக்கு நன்றி என்றார். கைதட்டினார்கள். சுவரில் குத்புதீன் சிரித்துக்கொண்டே கஞ்சி ஊற்றினார்.

வெளியே சிவராமகிருஷ்ணன் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"பர்சனலா எடுத்துக்காதீங்க பாய். காலனி வாசல்லயே மசூதி வந்தா வீட்டு ரீசேல் விலை அடிபடும். நம்மள வேற எல்லாரும் ஒண்ணாத்தான் பாக்கறா. நீங்க வேற நாங்க வேறன்னு நாமதானே அவாளுக்குப் புரிய வைக்கணும்?"

"புரிஞ்சிருச்சு சிவா" என்றார் குத்புதீன்.

அந்த வருடம் நோன்பு வந்தது. கடைக்குப் பின்கட்டில், அரிசி மூட்டைகளை ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்து நோன்பு திறந்தார்கள். கிழவர்கள் மூட்டையில் சாய்ந்துகொண்டார்கள். மகன் யாசின், "வாப்பா, வை ஹியர்?" என்று கேட்டான். குத்புதீன் பேரீச்சம்பழத் தட்டை அவன் கையில் கொடுத்து எல்லாருக்கும் நீட்டச் சொன்னார்.

முதல் வாரத்திலேயே ஷ்யாமளா கடைக்கு வந்தாள். கையில் தூக்குவாளி, போன வருடம் அவள் வீட்டிலேயே தங்கிவிட்டது. திறந்து காட்டினாள், அடியில் சர்க்கரை.

"பசங்க கஞ்சி எப்போன்னு கேட்டுண்டே இருக்கா பாய். அவர் பேசினத எல்லாம் மனசுல வெச்சுக்காதீங்கோ."

"பின்னாடிதான் காய்ச்சுறோம். வந்து வாங்கிக்கலாம்மா" என்றார் குத்புதீன். "கார் நிறுத்தத்தான் இடமில்ல."

ஷ்யாமளா தூக்கைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். இப்படி ஒன்றைச் சொல்லவேண்டுமென்று அவர் மாதக்கணக்காக மனசுக்குள் கருவிக்கொண்டிருந்தார். சொன்ன பிறகு ஒரு சுகமும் இல்லை. அன்றைக்குக் கண்ணாடித் தூளைக் கூட்டிய அந்தக் கை மட்டும் கண்ணுக்குள்ளேயே நின்றது.

மெஹர் நிஷா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தூக்கை எடுத்துச் சர்க்கரையைத் தேயிலைச் சட்டிக்குள் கொட்டினாள். தனி அடுப்பு அன்று பற்றவைக்கவே இல்லை. பெரிய சட்டியின் அடியோடு அகப்பையை விட்டுத் துழாவி, கொத்துக்கறி நிறைய விழும்படி அந்தத் தூக்கில் ஊற்றி மூடினாள்.

"இத மிஸ் ஒடெஸா வீட்டுல கொடுத்துட்டு வாங்க" என்றாள்.

குத்புதீன் வாங்கிக்கொண்டார். தூக்கின் வெளிப்பக்கம் வழிந்திருந்த கறிக்கஞ்சியைத் துடைக்கப் போனவர், துடைக்காமலே எடுத்துக்கொண்டு போனார்.