இடது தோள்

என் தங்கை கணவனின் கீழுதட்டில் ஒரு தழும்பு இருக்கிறது. அது நான் போட்டது. ஸ்ரீராம்புரத்தில் ஒரு மிலிட்டரி ஹோட்டலில், ஞாயிற்றுக்கிழமை மதியம், இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பிரியாணித் தட்டுக்கு மேலே கையை வீசிப் போட்டேன். அவன் பதிலுக்கு என் தலைமுடியைப் பிடித்து நெற்றியை மேஜை விளிம்பில் மோதினான். சொத்துத் தகராறு இல்லை, குடும்பத் தகராறும் இல்லை. ரக்பி ஆட்டத்தில் ஏழாம் எண் சட்டையை யார் போடுவது என்பதுதான் விவகாரம்.

தொண்ணூறுகளின் பின்பாதி. கன்னட நாட்டில் எங்கள் பக்கத்தில் ரக்பி ஆடியவர்கள் எல்லோரும் ஒரு லாரியில் அடங்கிவிடுவோம். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற குடகுக்காரர் ஒருவர்தான் கோச். கபடியில் அடிதடி செய்து விரட்டப்பட்டவன், வீட்டுக்கு அடங்காதவன் என்று தேடிப் பிடித்து மைதானத்துக்குக் கூட்டிவந்து ஒருவன்மேல் ஒருவனை மோதவிட்டார். நான் ஆறு வருடம் ஆடினேன். வலது முழங்காலில் ஏதோ கிழிந்துபோய் நொண்ட ஆரம்பித்ததும், ஒரு தமிழ் நாளிதழில் பிழை திருத்தும் வேலைக்குப் போனேன்.

மாப்பிள்ளையை ஆட்டத்துக்குக் கொண்டுவந்ததே நான்தான். பிறகுதான் தங்கையைக் கொடுத்தேன். அவன் பெயின்டர். தொம்மலூர்ப் பக்கம் அப்போது எழும்பிக்கொண்டிருந்த ஆபீஸ் கட்டடங்களில், ஆறாவது ஏழாவது மாடி உயரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு வெளிச்சுவருக்கு வர்ணம் அடிப்பான். கயிற்றில் ஏறுகிறவனுக்குக் கூலி அதிகம், மரியாதையும் அதிகம்.

அந்த வருடம் கொழும்பிலிருந்து ஓர் அணி மூன்று ஆட்டம் ஆட வருவதாகச் செய்தி வந்தது. எதிரில் நாங்கள், எங்களோடு கொஞ்சம் ராணுவ ஆட்கள். இதை டெஸ்ட் தொடர் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். கோச் ஒத்துக்கொள்ளவில்லை. “இன்னொரு நாட்டுக்காரன் வந்து நம்ம மேல விழுந்தா அது டெஸ்ட்தான்” என்று சொல்லிவிட்டார். நோட்டீஸிலும் அப்படியே அச்சடித்தார்கள்.

ஆள் தேர்வு செய்ய அவரிடம் ஒரு முறை இருந்தது. ஒரே இடத்துக்குப் போட்டி போடும் இருவரைச் சுண்ணாம்புக் கோடு போட்ட ஒரு சந்துக்குள் விடுவார். ஒருவன் பந்தோடு ஓடிவர வேண்டும், மற்றவன் அவனைக் கட்டி வீழ்த்த வேண்டும். பத்து முறை இவன், பத்து முறை அவன். விழுந்த பிறகு யார் எழுந்திருக்கத் தாமதிக்கிறானோ அவன் வெளியே. அவ்வளவுதான் விதி.

ஏழாம் எண்ணுக்கு இரண்டு பேர். ஒருவன் மாப்பிள்ளை, இன்னொருவன் ஒரு ராணுவ சிப்பாய். ஏழாம் எண்காரனின் வேலையே எதிராளியை அடித்து வீழ்த்துவதுதான். அன்று மாப்பிள்ளை அடித்த அடியில் சிப்பாயின் முன்பல் ஒன்று புல்லில் விழுந்தது. ஏழாவது முறை சிப்பாய் மண்டி போட்டு வாந்தி எடுத்தான். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. மாப்பிள்ளையின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு இடப்பக்கமாக சிப்பாய் வந்தபோதெல்லாம் அவன் அரையடி நகர்ந்து, உடம்பைத் திருப்பி, வலது தோளால்தான் வாங்கினான்.

அதற்குக் காரணம் எனக்குத் தெரியும், தங்கைக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. இடது தோள் அவனுக்கு இரண்டு முறை கழன்றிருந்தது. ஒரு முறை கயிற்றில், ஒரு முறை வீட்டில் சிலிண்டர் தூக்கும்போது. இரண்டாம் முறை நான்தான் பொருத்தினேன். தங்கை அவன் இடுப்பைக் கட்டிக்கொள்ள, நான் கையை இழுக்க, அவன் தலையணை உறையைக் கடித்துக் கிழித்தான். வெளியே தெரிந்தால் மேஸ்திரி கயிற்றில் ஏற்றமாட்டான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினான்.

தேர்வு முடிந்து எல்லோரும் ஹோட்டலுக்குப் போனோம். தட்டு வருவதற்குள் விவாதம் ஆரம்பித்தது. கேப்டனுக்கு வயதாகிவிட்டது, அவனை எடுக்கலாமா வேண்டாமா. பந்தை உதைப்பதற்கு யார். ராணுவ ஆட்கள் எத்தனை பேர், நம் ஆட்கள் எத்தனை பேர். கோச் உப்பு டப்பாவையும் டம்ளர்களையும் ஆட்களாக நிறுத்தி நகர்த்திக்கொண்டிருந்தார். ஏழாம் எண் வந்தபோது ஒரு டம்ளரை எடுத்து மாப்பிள்ளை முன்னால் டக்கென்று வைத்தார்.

“அந்த சிப்பாயப் போடுங்க சார்” என்றேன்.

“ஏனக்கே? அவன் பல்லு இன்னும் கிரவுண்ட்ல கெடக்கு” என்றார் கோச்.

“பல்லு போனா என்ன. ரெண்டு தோளையும் குடுக்கறான் அவன்.”

மாப்பிள்ளை சாப்பிடுவதை நிறுத்தினான். “மச்சா, வேணாம்” என்றான்.

நான் நிறுத்தியிருக்கலாம். தங்கைக்காகத்தான் பேசினேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி பொறாமை. வீணாய்ப்போன முழங்காலோடு நான் ஓரத்தில் உட்கார்ந்திருக்க, நான் கூட்டிவந்தவன் டெஸ்ட் ஆடப் போகிறான்.

“இவனப் போட்டா மூணு மேட்சும் போச்சு. எழுதி வெச்சுக்கோங்க” என்றேன்.

“ஒன் முட்டி போச்சுன்னு எல்லாரும் நொண்டணுமாடா?” என்றான் மாப்பிள்ளை. அதுவரை என்னை ‘டா’ போட்டதில்லை.

அடித்தேன். அவனும் அடித்தான். டம்ளர்கள் உருண்டன. பிரித்துவிட நாலு பேர் வேண்டியிருந்தது. கோச் என் சட்டைக் காலரைப் பிடித்து வாசலுக்குத் தள்ளி, “நீ ஆடறதில்ல தானே? சும்னிரு, பேசாத” என்றார்.

நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு நேரே ஆபீஸுக்குப் போனேன். டெஸ்ட் தொடருக்கு ஒரு முன்னோட்டம் எழுதித் தரச் சொல்லி விளையாட்டுப் பக்கம் பார்ப்பவர் ஏற்கெனவே கேட்டிருந்தார். ரக்பி தெரிந்தவன் ஆபீஸில் நான் ஒருவன்தான். உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். கொழும்பு அணியின் வேகம், எங்கள் அணியின் எடை, கேப்டனின் வயது, எல்லாம் எழுதினேன். பிறகு இதையும் எழுதினேன்: ‘ஏழாம் எண்காரருக்கு இடது தோள் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். இரண்டு முறை கழன்ற தோள் அது. அந்தப் பக்கமாக ஓடி வருகிறவனுக்கு வழி திறந்தே கிடக்கும். தேர்வாளர்களுக்குக் கண் இருக்கிறதா?’

சத்தியத்தை மீறுகிறோம் என்று தெரிந்தேதான் எழுதினேன். ஆனால் ஒரு தைரியம் இருந்தது. எங்கள் அணியில் தமிழ் பேசுகிறவர்கள் பாதிப் பேர், தமிழ் படிக்கத் தெரிந்தவன் ஒருவனும் கிடையாது. எல்லோரும் கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். மாப்பிள்ளைக்குத் தமிழில் தன் பெயரைக்கூட எழுத வராது. மேஸ்திரி தெலுங்குக்காரன். எங்கள் வீட்டில் அப்பா பிடிவாதமாக எங்களைத் தமிழ்ப் பள்ளியில் போட்டதால் எனக்கும் தங்கைக்கும் மட்டும் வரும். தங்கை பேப்பர் புரட்டுகிறவள் இல்லை, வேறு யாரும் படிக்கமாட்டார்கள், என் கோபமும் தீரும். அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

முன்னோட்டம் வந்த நாள் காலையில் மாப்பிள்ளை என் ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டான். உதட்டில் மூன்று தையல். அடிக்க வருகிறான் என்று நினைத்து நான் சுவரோரம் ஒதுங்கினேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“பேப்பர் பாத்தேன் மச்சா. ஏழுன்னு போட்டிருக்கு, என் போட்டோவும் இருக்கு. நான் பேசினத மனசுல வெச்சுக்காத.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. படத்தையும் அதன் கீழே போட்டிருந்த 7 என்ற எண்ணையும் பார்த்துவிட்டு, புகழ்ந்திருக்கிறேன் என்று அவனாகவே நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது என்று எண்ணினேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். “நல்லா ஆடு மாப்ள” என்று மட்டும் சொன்னேன்.

முதல் டெஸ்ட் சனிக்கிழமை மதியம். நான் நோட்டுப் புத்தகத்தோடு கோட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். ஆட்டம் தொடங்கி இரண்டாவது நிமிடத்தில் கொழும்பு அணியின் பன்னிரண்டாம் எண்காரன் பந்தை வாங்கினான். அவனுக்கு முன்னால் காலி இடம் இருந்தது. அதை விட்டுவிட்டு, வளைந்து, மாப்பிள்ளையின் இடது பக்கத்தைப் பார்த்து ஓடினான். மாப்பிள்ளை திரும்பி வலது தோளைக் கொடுப்பதற்குள் வந்தவனின் முழங்கால் அவன் நெஞ்சில் இறங்கியது.

அடுத்து வேறொருவன் வந்தான். அவனும் இடது பக்கம்தான். மூன்றாவதாக வந்தவனும் அப்படியே. தோள் விஷயம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்று அந்த மூன்றாவது மோதலில் எனக்குப் புரிந்துவிட்டது. நோட்டுப் புத்தகத்தை மூடினேன்.

நான்காவது அடியில் தோள் கழன்றது. கை முன்பக்கம் இறங்கித் தொங்கியது. கோச் அவனைக் கோட்டுக்கு வெளியே இழுத்துப் படுக்கவைத்து, ஷூவைக் கழற்றி, அக்குளில் காலை ஊன்றி, கையைப் பிடித்து இழுத்தார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. மாப்பிள்ளை கத்தவில்லை. மண்ணைக் கடித்தான்.

“போதும் மாப்ள, வெளிய வா” என்று குனிந்து சொன்னேன்.

வாயில் மண்ணோடு என்னைப் பார்த்துச் சிரித்தான். “பேப்பர்ல அப்டி எழுதிட்டு இப்ப வெளிய வான்னா எப்டி?” என்றான். எழுந்து உள்ளே ஓடினான்.

போனவன் சும்மா ஆடவில்லை. ஒற்றைக் கையால் ஒருவனை இழுத்துப் போட்டான். நெற்றியால் மோதி இன்னொருவனின் மூக்கை உடைத்தான். இரண்டு பேர் சட்டையிலும் ரத்தம். பிறகு மறுபடியும் அந்தப் பன்னிரண்டாம் எண்காரன் முழு வேகத்தில் வந்தான். மாப்பிள்ளை இம்முறை திரும்பவில்லை. திரும்ப நேரமில்லையா, வேண்டுமென்றே நின்றானா தெரியாது. இடது தோளையே கொடுத்தான். எலும்பு உடைந்தது கோட்டருகே நின்ற எல்லோருக்கும் கேட்டது. இந்தத் தடவை கத்தினான்.

அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பன்னிரண்டாம் எண்காரன் என்னைத் தேடி வந்தான். கையில் எங்கள் பேப்பர், நாலாக மடித்தது.

“நீங்களோ இத எழுதினது? சரியா எழுதியிருக்கிறியள்” என்றான். “லொட்ஜுக்குக் கீழ தமிழ்ப் பேப்பர் கண்டிட்டு ஆசையில வாங்கினனான். நான்தான் எங்கட கோச்சுக்கு வாசிச்சுக் காட்டினது. அவருக்குத் தமிழ் தெரியாது.” அவன் குரலில் கேலி இல்லை. “அவருக்குப் பெரிய காயமோ?” என்று அக்கறையாகத்தான் கேட்டான்.

கொழும்பில் தமிழன் இருப்பான், அவனும் பேப்பர் படிப்பான் என்று தமிழ்ப் பேப்பரில் வேலை பார்க்கிற எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பேப்பரை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். அவனை அடிக்கலாம் போலிருந்தது. அவன் செய்த தப்பு என்ன?

ஆஸ்பத்திரியில் எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். அதன் பிறகு இடது கை நெஞ்சு உயரத்துக்கு மேல் எழவே இல்லை. மேஸ்திரி வந்து ஆப்பிள் கொடுத்துவிட்டுப் போனான், வேலைக்குக் கூப்பிடவில்லை. தான் வர்ணம் அடித்த தொம்மலூர்க் கட்டடம் ஒன்றிலேயே மாப்பிள்ளை வாட்ச்மேனாகச் சேர்ந்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் தங்கை சொன்னாள். “பேப்பரத் தூக்கிட்டு வந்து படிச்சுக் காட்டுன்னாரு. உள்ளதப் படிச்சிருந்தா அன்னைக்கே ஒன்ன வெட்டியிருப்பாரு. நானா நாலு வார்த்த நல்லதாச் சேத்துப் படிச்சேன். ஏண்ணா அப்டி எழுதின?”

பன்னிரண்டாம் எண்காரன் சொன்னதை அவளிடமும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

மாப்பிள்ளை அந்தத் துண்டைக் கத்தரித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு டிவிக்கு மேல் மாட்டினான். மாட்டாதே என்று தங்கை எந்தக் காரணத்தைச் சொல்லித் தடுப்பாள்? பல வருடம் நான் அதற்கு முதுகைக் காட்டித்தான் அங்கே உட்கார்ந்தேன்.

ஒரு நாள் அவனோடு வேலை பார்க்கும் அத்திபெலேக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். கன்னடக்காரர், தமிழ் பேசினால் புரியும். மாப்பிள்ளை வலது கையால் சட்டத்தைக் கழற்றி என் மடியில் வைத்தான்.

“நீயே படிச்சுக் காட்டு மச்சா. எழுதினவன் படிச்சா அதுவே வேற.”

தங்கை சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையில் கரண்டி. நான் அவளைப் பார்த்தேன், அவள் தரையைப் பார்த்தாள். கொழும்பு அணியின் வேகத்தைப் படித்தேன், எங்கள் அணியின் எடையைப் படித்தேன். ஏழாம் எண் வந்ததும், அச்சில் இருந்ததை விட்டுவிட்டு, நல்ல ஆட்டக்காரர், உழைப்பாளி என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி முடித்தேன்.

“ஒரு வரிய வுட்டுட்ட” என்றான் மாப்பிள்ளை.

நான் எழுத்துகளையே வெறித்துக்கொண்டிருந்தேன். அவன் கண்ணாடிமேல், சரியாக நான் படிக்காமல் விட்ட இடது தோள் வரியிலேயே, விரலை வைத்தான். தங்கை அன்று விரலை ஓட்டிப் படித்துக் காட்டிய இடமாக இருக்க வேண்டும். பிறகு அத்திபெலேக்காரரைப் பார்த்து, ஒரு சொல் தடுக்காமல், அந்த வரியை மனப்பாடமாகச் சொன்னான்.

“ஏழாம் எண்காரர் நிற்கும்வரை இடது பக்கமாக ஒருவனும் போக முடியாது.”

என்னைத் திரும்பிப் பார்த்தான். “அப்டித்தான மச்சா எழுதின?”

“ஆமா மாப்ள” என்றேன்.